ஐ.என்.எஸ். பெங்கால் எங்கே?

1942இல் ஜப்பானியரை எதிர்த்து நின்ற ‘பெங்கால்’ என்ற இந்தியக் கப்பலை இப்போது எங்காவது பார்க்கலாமா?
– வாசகர், திருச்சி

பெங்காலைப் பார்க்க வழியில்லை; 1960இல் உடைத்துவிட்டார்கள். ஆனால் அதே பாத்தர்ஸ்ட் வகையைச் சேர்ந்த ‘காசில்மெய்ன்’, மெல்பர்ன் அருகே வில்லியம்ஸ்டவுனில் அருங்காட்சியகமாக மிதக்கிறது. ஆஸ்திரேலியா போனால் அவசியம் ஏறிப் பாருங்கள். பெங்கால் கட்டப்பட்டதும் ஆஸ்திரேலியாவில், சிட்னியில்தான்.

பெங்கால் எவ்வளவு சின்னக் கப்பல் என்பது காசில்மெய்னில் ஏறினால்தான் உறைக்கும். 1942 நவம்பர் 11 அன்று, ‘ஓண்டினா’ என்ற டச்சு எண்ணெய்க் கப்பலுக்குத் துணையாக பெங்கால் இந்தியப் பெருங்கடலில் வந்துகொண்டிருந்தது. எதிரே ஹோகோகு மாரு, ஐகோகு மாரு என்ற இரண்டு ஜப்பானியப் போர்க்கப்பல்கள். ஒவ்வொன்றும் 10,000 டன்னுக்கு மேல். பெங்காலிடம் இருந்த பெரிய பீரங்கி ஒன்றே ஒன்று, அதுவும் 12 பவுண்டு குண்டு வீசும் ‘12 பவுண்டர்’. ஓண்டினா தப்பட்டும் என்று தளபதி வில்சன் எதிரியை நோக்கியே கப்பலைத் திருப்பினார். அந்தத் துணிச்சலை நினைத்தால் இன்றும் சிலிர்க்கிறது!

ஹோகோகு மாரு வெடித்து மூழ்கியது. அதை வீழ்த்திய குண்டு தங்களுடையது என்று பெங்கால், ஓண்டினா இரண்டு கப்பல்களின் மாலுமிகளும் உரிமை கோரினர். ஓண்டினாவின் 4 அங்குலப் பீரங்கிக்கே வாய்ப்பு அதிகம் என்பேன். அடிபட்ட பெங்கால் டியாகோ கார்சியா போய்ச் சேர்ந்தது. கேப்டனை இழந்த ஓண்டினா ஃப்ரீமாண்டில் திரும்பியது.