கடல் வளம் கரையேறும் வழி

மழை பெய்கிறது, மேட்டு மண்ணின் சத்து கரைகிறது, ஆறு அதனை வாரிக்கொண்டு கடலை நோக்கி விரைகின்றது. எங்கள் சத்தியவேட்டு வட்டாரத்தில் பிச்சாட்டூர் வழியே ஓடும் ஆரணியாறும் இவ்வாறே மண்ணின் வளத்தைப் பழவேற்காட்டு ஏரியில் கொண்டு சேர்க்கிறது. போன சத்து போனதுதானா? மீள வழியே இல்லையா? உண்டு. ஓடும் நீரால் இயலாததை உயிர்கள் செய்கின்றன.

பசிபிக் கரையோரத்துச் சால்மன் மீனைப் பாருங்கள். ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட மீண்டும் ஆறேறி, அங்கேயே மடிகின்றது. அதன் உடலின் பெரும்பகுதி கடல் தந்தது. கரடி அதனைக் கரைக்கு இழுத்துச் சென்று பாதி தின்று போடும். எஞ்சியது மரத்திற்கு எரு. இது வெறும் ஊகமன்று. கடல் மீனின் உடலில் நைட்ரஜன்-15 என்னும் கனத்த அணு சற்று மிகுந்திருக்கும். அவ்வடையாளத்தைக் கொண்டு அலாஸ்காவில் ஆய்ந்த ஹெல்ஃபீல்டு, நைமன் என்னும் இருவர், சால்மன் ஏறும் ஓடைக்கரை மரங்களின் இலையிலுள்ள நைட்ரஜனில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அம்மீன் தந்ததே என 2001இல் மதிப்பிட்டனர். மரம் மீன் உண்கிறது என்றால் நகைப்போம். ஆனால் கணக்கு அப்படித்தான் சொல்கிறது!

நம் பக்கம் சால்மன் இல்லை, கூழைக்கடா உண்டு. சூலூர்ப்பேட்டைக்கு வடக்கே நேலபட்டு ஏரியில், நீரில் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் அது கூடு கட்டும். 1976 முதல் அவ்வேரி பறவைப் புகலிடம். தாயும் தந்தையும் பழவேற்காட்டில் மீன் பிடித்து, தொண்டையில் அடக்கி வந்து குஞ்சுகளுக்கு ஊட்டும். எச்சம் கீழே நீரில் விழும். அதில் நைட்ரஜனும் பாஸ்பரசும் மிகுதி; அவற்றால் பாசி செழிக்கும், புழு பெருகும், ஏரி மீனும் கொழுக்கும்.

வேடந்தாங்கல் உழவர் இதனை ஆய்வுக்கூடமின்றியே அறிந்திருந்தனர். எச்சம் கரைந்த ஏரிநீர் பயிருக்கு உரமெனக் கண்டு பறவைகளைக் காத்தனர். 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸிடம் அவ்வுரிமைக்கு எழுத்தும் பெற்றனர். அங்குள்ள பறவைகளில் பல சுற்றுப்புற ஏரிகளில் மேய்வன. ஆகவே அதனைக் கடற்சத்து என்று கொள்ள இயலாது. முறை மட்டும் ஒன்றே.

பழவேற்காட்டு முகத்துவாரத்தை மணல் தூர்க்கும்போது கடல்நீரும் மீன்குஞ்சும் உள்ளே வருவது தடைப்படுகிறது. முதலில் அடிபடுவது மீனவர் வலை. அடுத்தது கூழைக்கடாவின் கூடு. முகத்துவாரம் தமிழ்நாட்டில், கூடு ஆந்திரத்தில். எனவே ஒன்றின் கேட்டை மற்றதன் கணக்கில் எழுத நமக்குத் தோன்றுவதில்லை.

நம்மில் யாரேனும் திட்டக் கட்டுரைக்குப் பொருள் தேடினால், இதோ ஒன்று: நேலபட்டுக் கடம்பின் இலையையும், பறவை தங்காத வேறோர் ஏரிக் கடம்பின் இலையையும் பறித்து, இரண்டிலும் நைட்ரஜன்-15ஐ அளந்து பார்க்கலாம்.