கப்பலில் போய் விமானத்தில் திரும்ப, டிக்கெட் எப்போது எடுப்பது?



அருவியும் ராமேஸ்வரமும் பார்த்தாச்சு, இந்தத் தடவை அந்தமான் போகலாம் என்ற பேச்சு சில குழுக்களில் வருகிறது. போகும்போது கப்பல், வரும்போது விமானம். நல்ல ஆசைதான்! ஆனால் எந்த டிக்கெட்டை முதலில் எடுக்கிறோம் என்பதில்தான் நம் பணம் இருக்கிறது.

முதலில் கப்பல் தேதி. சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கப்பல் சுமார் மூன்று நாள் ஓடும். கடல் மோசமானால் தேதி தள்ளிப்போகும். ஐப்பசி, கார்த்திகை புயல் காலம், வேண்டாம். மாசியில் கடல் பெரும்பாலும் அமைதி.

கப்பல் உறுதியான பிறகே விமானம். ஒரே விமானத்தில் எல்லா சீட்டும் ஒரே விலை கிடையாது. குறைந்த விலையில் கொஞ்சம் சீட்டுதான். அது விற்றதும் அடுத்த விலை. மாசிப் பயணத்துக்கு மார்கழியிலேயே பாருங்கள். பத்துப் பேருக்கு ஒன்றாகக் கேட்டால் எல்லோருக்குமே கூடின விலை காட்டலாம். இரண்டு மூன்று பேராகப் பிரித்தும் கேட்டுப் பாருங்க. மலிவு டிக்கெட்டை ரத்து செய்தால் பெரும்பாலும் கைக்கு அதிகம் வராது. அதனால் கப்பல் சேரும் நாளுக்குப் பிறகு நாலு நாளாவது விட்டு விமானம் எடுங்கள். ஊர் சுற்றவும் ஆச்சு.

சென்னை போகப் பொதிகை ரயில் இருக்கிறது. முன்பதிவு 2024 நவம்பர் 1 முதல் 120 நாள் அல்ல, 60 நாள்தான்.

சுழல்நிதியைத் தொடாதீர்கள், இதற்கு மாதாமாதம் தனியாகச் சேருங்கள். பெயரை ஆதாரில் உள்ளபடியே எழுதிக் கொடுங்கள். செல்லம்மா, செல்லம்மாள் என்று மாறினால் விமான நிலைய வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.