தேருக்குப் பின்னால் நிற்கிறவர்கள்

அன்புள்ள பிள்ளைக்கு,

நீர் அனுப்பின படங்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. தான்தோன்றீஸ்வரர் தேர், இன்னொரு வருசத்துத் தேர், வசந்த மண்டபம், திரும்பவும் தேர். வன்னியில், ஒட்டுசுட்டானில் வீடு வீடாய்ப் போய்ப் பழைய படம் கேட்டால் முதலில் எடுத்துத் தருவது இவற்றைத்தான். அதில் பிழை ஒன்றுமில்லை. ஒரு சுருளில் முப்பத்தாறு படம்தான் எடுக்கலாம் என்றிருந்த காலம் அது. கமராக்காரரைக் காசு கொடுத்துக் கூப்பிட்டவர்கள் அவரைச் சூடடிக்கிற களவெட்டிக்கா கூட்டிப்போயிருப்பார்கள்? கலியாணம், செத்தவீடு, திருவிழா, அடையாள அட்டைக்கு ஒரு முகம்: எங்கள் சனத்தின் பழைய படங்களில் பெரும்பகுதி இந்த நாலுக்குள் அடங்கிவிடும். அம்மம்மாவின் பெரிய படம் என்று சுவரில் தொங்குவதைக் கழற்றிப் பார்த்தால், அதுவும் அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்ததாகவே பல வீடுகளில் இருக்கும்.

ஆனால் உமது தொகுப்புக்கு "ஒரு கோயில் ஊரின் அன்றாடம்" என்று பெயர் வைத்திருக்கிறீர். அன்றாடம் இன்னும் அதற்குள் வரவில்லை. ஒரே ஒரு படத்தில் எட்டிப் பார்க்கிறது. ஓரம் கிழிந்த அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தைச் சொல்கிறேன். நடுவில் தேர் ஆடி மங்கிப் போயிருக்கிறது. அதை விடும். இடது பக்கம் பாரும். மூன்று கல் வைத்த அடுப்பில் கிடாரம். பக்கத்தில் ஒரு பெண் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு குந்தியிருக்கிறா. கடகத்தோடு ஒரு பொடியன். இன்னும் தள்ளி, மர நிழலுக்கும் அப்பால், ஒருவர் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறார். தோல் இறுகினால்தானே சத்தம் எழும்பும். அவருக்கும் அடுப்படிக்கும் இடையில் ஒருவரும் நிற்கவில்லை. அந்த வெறும் நிலத்தைக் கவனித்தீரா? கோயில் ஊர் என்று நாங்கள் பெருமையோடு சொல்கிற ஒற்றுமைக்குள் யார் எவ்வளவு தூரத்தில் நின்றார்கள் என்பதை எந்தத் தலவரலாற்றிலும் எழுதமாட்டார்கள். இந்தப் படத்தில் அது இருக்கிறது. தேரை எடுக்க வந்தவர் அறியாமல் எடுத்துவிட்டார்.

இதைப் பார்த்தபோது எனக்கு அமானா ஞாபகம் வந்தது. அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் ஏழு கிராமங்கள். ஜெர்மனியிலிருந்து தங்கள் சமயத்துக்காகப் புறப்பட்டு வந்த ஒரு சபையார் 1855இல் அங்கே குடியேறத் தொடங்கினார்கள். நிலம், பட்டறை, மாடு எல்லாம் சபைக்குச் சொந்தம். வீட்டில் சமையல் இல்லை. ஐம்பதுக்கு மேற்பட்ட பொது அடுக்களைகள், ஒவ்வொன்றிலும் முப்பது நாற்பது பேருக்குச் சாப்பாடு. 1932 வரைக்கும் அப்படித்தான் வாழ்ந்தார்கள். மூப்பர்களுக்குப் படம் பிடிப்பது பிடிக்காது. உருவத்தைப் பதிப்பது வீண்பெருமை என்பது அவர்கள் எண்ணம். 1890ஐ ஒட்டி அயலூரிலிருந்து பெர்தா ஹோராக் என்ற இளம்பெண், பிற்காலத்தில் பெர்தா ஷாம்பா, கண்ணாடித் தகட்டுக் கமராவோடு அங்கே போய்வந்தா. அவ எடுத்தது அடுக்களை, தோட்டம், பள்ளிப் பிள்ளைகள், வேலைசெய்கிற பெண்கள். 1908இல் அந்தச் சபையைப் பற்றி ஒரு நூலும் எழுதினா. பிறகு நடந்ததுதான் எனக்குச் சுவையான பகுதி: ஊராட்களே ஒவ்வொருவராய்க் கமரா வாங்கி, மூப்பர்களின் முகச்சுளிப்பையும் பாராமல், தங்களைத் தாங்களே எடுக்கத் தொடங்கினார்கள். இன்றைக்கு அந்த வாழ்க்கையை அறிய விரும்புகிறவர்கள் இரண்டு வகைப் படத்தையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். பெர்தாவுக்கு அடுக்களை புதினம், அதனால் எடுத்தா. உமக்கு அது புதினம் இல்லை. உமக்கு முன்னாலுள்ள தொல்லையே அதுதான்.

ஒட்டுசுட்டான் அமானா இல்லை என்பீர். சரிதான். எங்களுக்குக் காணி தனித்தனி, உலையும் தனித்தனி. ஆனால் குளத்துத் தண்ணி பொது, கட்டு உடைந்தால் மண் சுமப்பது பொது, திருவிழா உபயம் முறைப்படி. வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலையே எடுத்துக்கொள்ளும். வைகாசியில் நடக்கிறது. பாக்குத்தெண்டல், கடலில் தீர்த்தம் எடுத்தல், முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் உப்புநீரில் விளக்கெரித்தல், மடைப்பண்டம் எடுத்தல் என்று நாள் நாளாய் நீளும் வேலை அது. உப்புநீர் விளக்கை எல்லாரும் எடுக்கிறார்கள். ஆண்டுதோறும் ஆயிரம் தொலைபேசிகள் அதன் முன்னால் நீளுகின்றன. வளந்து கழுவுகிறவரை, வெள்ளை கட்டுகிற கட்டாடியாரை, பண்டம் சுமந்து வந்தவரின் காலை யார் எடுத்தார்கள்? மூலஸ்தானத்துக்குள் கமரா கொண்டுபோக விடமாட்டார்கள் என்று நீர் கவலைப்பட்டு எழுதியிருந்தீர். விடாததே நல்லது. ஊர் வெளிவீதியில்தான் இருக்கிறது.

வெளியார் எழுதினதிலும் இந்த அன்றாடத்தைத் தேடிப் பயனில்லை. ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னிக் கையேடு அரசாங்க உத்தியோகத்தர் கண்ணால் பார்த்த வன்னி. குளத்துக்கும் வருமானத்துக்கும் அதில் இடமுண்டு. உமக்குப் பக்கத்துக் கற்சிலைமடுவில், கப்டன் வொன் டிறிபேர்க் 1803 ஒக்ரோபர் 31 அன்று வன்னி அரசன் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்று வெள்ளைக்காரர் கல் நட்டார்கள். வென்றவர் தன் நாளைத்தான் கல்லில் வெட்டுவார்.

இனிப் படங்களைத் தேடுகிற விதம். ஒட்டுசுட்டானுக்குள் மட்டும் தேடாதேயும். 2009 தை தொடக்கத்தில் இராணுவம் ஒட்டுசுட்டானைப் பிடித்தபோது சனம் கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தது. பொலித்தீன் பையில் சுற்றின அல்பம் எத்தனை பங்கருக்குள் கிடந்து மண்ணாய்ப் போனது என்பதை யார் கணக்கெடுத்தார்கள்? மெனிக் பாம் முகாம் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் கொஞ்சப்பேர். தப்பினவை வேறு இடத்தில் இருக்கின்றன. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வெளிநாட்டிலிருந்த பிள்ளைகளுக்குக் கடிதத்தோடு வைத்து அனுப்பின படங்கள், ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் பிஸ்கட் ரின்னுக்குள் பத்திரமாய் இருக்கும். "நாங்கள் சுகம், மாடு கன்று போட்டிருக்கு" என்று காட்டுவதற்காக எடுத்த படங்கள் அவை. வீட்டு முற்றம், கிணற்றடி, பட்டி, புது உழவு மெசின். திருவிழாக் கமராக்காரர் எடுக்காத அன்றாடம் அந்த உறைகளுக்குள்தான் போனது. ஊராரின் பிள்ளைகளுக்கு வட்ஸ்அப்பில் எழுதிக் கேளும். வெட்கப்படாதேயும்.

படம் கையில் கிடைத்தால் அவசரப்பட்டு உரிக்காதேயும். ஒட்டும் தாள் அல்பத்தில் படம் பசையோடு பிடித்திருக்கும். இழுத்தால் முகம் தாளோடு போய்விடும். பக்கத்தை முழுசாய் ஸ்கான் பண்ணும், 600 டிபிஐக்குக் குறையாமல், டிஃப் கோப்பாய். பின்பக்கத்தையும் சேர்த்து. எந்த ஸ்ரூடியோ முத்திரை, என்ன திகதி, யாருக்கு எழுதினது என்பதெல்லாம் அங்கேதான் கிடக்கும். சிவந்து மங்கின வர்ணப் படத்தை நிறம் திருத்தலாம், மூலக் கோப்பைத் தொடாமல் வைத்துக்கொண்டு. தொலைபேசிச் செயலியில் போட்டுக் கறுப்பு வெள்ளைக்கு நிறம் பூசுவதையும், முகத்தைத் துலக்குவதையும் தயவுசெய்து விட்டுவிடும். இருந்த முகத்தை அழித்து இல்லாத ஒரு முகத்தை அது வரைகிறது. வீட்டார் அதைப் பார்த்து அழுகிறார்கள், எனக்கு அது பொறுக்கவில்லை. பிரதிகளை மூன்று இடத்தில் வையும். 2005இலிருந்து ஈழத்து ஆவணங்களை எண்ணிமப்படுத்தி வருகிற நூலகம் நிறுவனத்தோடும் பேசிப்பாரும்.

எல்லாப் படத்தையும் எல்லாருக்கும் காட்டவேண்டும் என்றில்லை. இயக்கத்தில் இருந்த பிள்ளையின் படம் அல்பத்துக்குள் இருக்கும். குழுப்படத்தில் ஒரு முகம் கத்தரிக்கப்பட்டு ஓட்டையாய் இருக்கும். வெட்டின துண்டு எங்கே என்று கேட்காதேயும். 2017இல் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் தெருவோரத்தில் குந்தினபோது கையில் ஏந்தியிருந்தவற்றில் இப்படி வெட்டிப் பெருப்பித்த படங்களும் இருந்தன. வீட்டார் வேண்டாம் என்றால் ஸ்கான் பண்ணாதேயும். பண்ணச் சொல்லிவிட்டு வெளியிடவேண்டாம் என்றால் பூட்டி வையும். முகநூலில் கிடைக்கிற விருப்பக்குறிக்காக ஒரு தாயின் படத்தைப் போட்டுவிட்டவர்களை நான் அறிவேன். அந்த வீடுகளின் படலை அதற்குப் பிறகு ஒருவருக்கும் திறக்கவில்லை.

எல்லாவற்றிலும் நேரம் பிடிக்கப்போவது பெயர். படத்தின் மேல் மெல்லிய தாளை விரித்து உருவங்களைக் கோடிட்டு, ஒவ்வொரு தலைக்கும் இலக்கம் போட்டுக்கொண்டு, வயதான ஒருவருக்குப் பக்கத்தில் குந்தும். ஆச்சிமார் நல்லது, அவையள் சேலையைப் பார்த்தே வருசம் சொல்லுவினம். இலக்கம் ஒன்று, இரண்டு, மூன்றுக்குப் பெயர், தகப்பன் பெயர், எந்த வளவு என்று மளமளவென்று வரும். ஓரத்துக்குப் போகப் போகப் பெயர் நின்றுவிடும். "அவர் கட்டாடி", "உது பறைமேளக்காரர்", "அது எங்கட வயலில் நின்ற தோட்டத்து ஆள்" என்பார்கள். 1958, 1977 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து காடு வெட்டின சனத்தை இப்படித்தான் சொல்லிப் பழகியிருக்கிறோம். தொழிலை எழுதிக்கொண்டு எழும்பிவிடாதேயும். "அவரைப் பெயர் சொல்லி எப்படிக் கூப்பிட்டவை?" என்று திரும்பக் கேளும். தெரியாவிட்டால் அவரின் பேரப்பிள்ளைகள் எந்தக் குடியிருப்பில் இருக்கிறார்கள் என்று கேட்டு அங்கே போம். படத்தின் நடுவில் நிற்கிற தர்மகர்த்தாவின் பெயர் கோயில் கல்வெட்டிலேயே இருக்கிறது. அவருக்கு உமது உதவி தேவையில்லை. ஓரத்தில் நிற்கிறவருக்கு உம்மை விட்டால் ஆளில்லை. இந்தப் பெயர்கள் இல்லாமல் நீர் நூல் போட்டால் அது இன்னொரு திருவிழா மலராகத்தான் இருக்கும்.

பழைய படத்தோடு நிறுத்தவும் வேண்டாம். மாடு விட்டுச் சூடு மிதித்ததைக் கண்ணால் கண்டவர்கள் எங்கள் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள், படம்தான் அரிது. இப்போது மெசின் வந்து ஒரு பொழுதில் வெட்டி, அடித்து, மூட்டையாக்கிப் போகிறது. அதுவும் அன்றாடம்தான். அழகில்லை என்று ஒதுக்காமல் அதையும் எடும்: மெசினுக்குப் பின்னால் சிந்தின நெல் பொறுக்குகிற பெண்களை, வரம்பில் கணக்கெழுதுகிறவரை, புதுநெல்லில் கோயிலுக்கென்று ஒதுக்கி வைக்கிற முதல் மூட்டையை. காலபோக வெட்டு மாசியோடு முடிந்துவிடும். அதற்குள் வயலுக்கு இறங்கும்.

அன்புடன்,
உமது அண்ணன்