மினிமம் பேலன்ஸ் இல்லையென்று கணக்கை மைனஸில் தள்ளலாமா?

கேள்வி: என் அம்மா மூணாறு பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து எடுத்தவர். 58 வயதில் ஓய்வு பெற்று ஒன்றேகால் வருஷம் ஆகிறது. சம்பளம் போடுவதற்காகக் கம்பெனி மூலம் ஒரு தனியார் வங்கியில் ஆரம்பித்த கணக்கில் 3,400 ரூபாய் விட்டுவைத்திருந்தார். பி.எஃப். பென்ஷன் வேறு வங்கிக்கு வருகிறது. போன வாரம் அந்தப் பழைய பணத்தை எடுக்கப் போனால், கணக்கு மைனஸ் 290-இல் நிற்கிறது, அதைக் கட்டினால்தான் கணக்கை முடிக்கலாம் என்கிறார்கள். பாஸ்புக்கில் எட்டு மாதம் தலா 300 ரூபாய் மினிமம் பேலன்ஸ் அபராதம், அதற்கு ஜி.எஸ்.டி., எஸ்.எம்.எஸ். கட்டணம், கார்டு கட்டணம், மே மாதம் ஒரு 436 ரூபாய் என்று பிடித்திருக்கிறார்கள். கேட்டால், ‘கம்ப்யூட்டர் தானா எடுக்குது, நாங்க ஒண்ணும் பண்ண முடியாது’ என்கிறார் மேனேஜர். பணம் திரும்பக் கிடைக்குமா? அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் எழுதப் படிக்கத் தெரியும்.

— வாசகி, தேவிகுளம் தாலுகா

பதில்: அன்புச் சகோதரிக்கு, பெரும்பகுதியைத் திரும்ப வாங்கலாம். முழுதும் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். கார்டுக்கான ஆண்டுக் கட்டணம் வங்கியின் கட்டணப் பட்டியலில் இருந்து, அம்மாவும் கார்டை வாங்கியிருந்தால் அது போனதுதான்.

‘அநியாயமாகப் பிடித்துவிட்டார்கள், இரக்கம் காட்டுங்கள்’ என்று மனு எழுதாதீர்கள். அபராதம் எவ்வளவு என்பதை முடிவு செய்யும் பொறுப்பை ரிசர்வ் வங்கி அந்தந்த வங்கியின் இயக்குநர் குழுவிடம் விட்டிருக்கிறது. வெறுமனே ‘கட்டணம் அதிகம்’ என்று போனால், இது வங்கியின் வணிக முடிவு என்று சொல்லி, வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கியின் ஓம்பட்ஸ்மன் ஒதுங்கிக்கொள்ளலாம். பிரிட்டனில் கணக்கில் இருப்பதற்கு மேல் எடுத்தவர்களிடம் வங்கிகள் பிடித்த கட்டணம் நியாயமானதா என்று பெரிய வழக்கு நடந்தது. 2009 நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வங்கிகளின் பக்கமே தீர்ப்புச் சொன்னது. தொகை அதிகமா குறைவா என்ற சண்டை நீதிமன்றத்தை விட வெளியில்தான் ஜெயிக்கிறது. நம் ஊரிலேயே பார்த்தோம். 2017 ஏப்ரல் 1 அன்று ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர் (எஸ்.பி.டி.) ஸ்டேட் வங்கியோடு இணைந்தது; அதே நாளில் ஸ்டேட் வங்கியின் மினிமம் பேலன்ஸ் அபராதமும் திரும்பி வந்தது. அந்த ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை மட்டும் 1,771 கோடி ரூபாய் வசூலானது. அவ்வாண்டு ஜூலை–செப்டம்பர் காலாண்டில் அந்த வங்கியின் லாபமே 1,581 கோடிதான்! நாடு முழுவதும் கூச்சல் எழுந்த பிறகு 2018-இல் குறைத்தார்கள், 2020 மார்ச்சில் அடியோடு நீக்கினார்கள்.

உங்களிடம் இருப்பது அதைவிடக் கூர்மையான ஆயுதம். ரிசர்வ் வங்கி 2014 நவம்பர் 20 அன்று ஒரு சுற்றறிக்கை போட்டது. 2015 ஏப்ரல் 1 முதல் அதன் விதிகள் நடைமுறையில் உள்ளன. இருப்பு குறைந்தால் எஸ்.எம்.எஸ்., மின்னஞ்சல் அல்லது கடிதம் மூலம் வாடிக்கையாளருக்குத் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும். அதன்பின் குறைந்தது ஒரு மாதமாவது அவகாசம் தர வேண்டும். பிறகுதான் அபராதம், அதுவும் குறைகிற தொகையில் இத்தனை சதவீதம் என்ற கணக்கில் இருக்க வேண்டும். 5,000 இருக்க வேண்டிய இடத்தில் 3,400 இருந்தால் குறைவு 1,600தான். அந்த 1,600-க்கும், கணக்கு கிட்டத்தட்ட காலியான பிறகு 5,000-க்கும் ஒரே 300 ரூபாய் என்றால் அது எந்தச் சதவீதம்? இதை மேனேஜரிடம் எழுத்தில் கேளுங்கள். இந்த அபராதத்தால் மட்டுமே ஒரு சேமிப்புக் கணக்கு மைனஸில் போகக் கூடாது என்றும் அதே சுற்றறிக்கை சொல்கிறது. ஆகவே அந்த 290-ஐக் கட்ட வேண்டாம்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. சம்பளக் கணக்கில் சம்பளம் நின்றால் சாதாரணக் கணக்காக மாற்றிவிடுவது வங்கிகளின் வழக்கம். மாற்றியதையும், இனி இவ்வளவு இருப்பு வேண்டும் என்பதையும் எப்போது, எந்த எண்ணுக்குத் தெரிவித்தார்கள்? அனுப்பியதற்கான பதிவைக் கேளுங்கள். ஒன்று மட்டும்: எஸ்டேட் லயக் குடியிருப்பைக் காலி செய்தபோது அம்மா பழைய சிம்மை விட்டுவிட்டு, புது எண்ணை வங்கியில் கொடுக்காமல் இருந்தால் இந்த வாதம் பாதி பலம் இழக்கும். சதவீதமும் மைனஸும் அப்போதும் நிற்கும்.

436 ரூபாய்க்கு வருகிறேன். அது பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீட்டின் ஆண்டு பிரீமியம். 18 முதல் 50 வயதுக்குள்தான் அதில் சேர முடியும், 55-உடன் காப்பு முடிந்துவிடும். உங்கள் அம்மாவுக்கு 59. அவர் இறந்தாலும் ஒரு பைசா வராத காப்பீட்டுக்குப் பணம் பிடித்திருக்கிறார்கள்! கையெழுத்திட்ட சம்மதப் படிவத்தின் நகலைக் கேளுங்கள். எஸ்டேட்டுகளிலும், பாலக்காட்டில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் பால் பணம் வரும் கணக்குகளிலும் மே மாதம் பாஸ்புக்கைப் பார்ப்பது நல்லது. விபத்துக் காப்பீட்டுக்கான 20 ரூபாயும் இப்படித்தான் போகும்; அதற்கு வயது வரம்பு 70, ஆனால் சம்மதம் அதற்கும் வேண்டும். எஸ்.எம்.எஸ். கட்டணம் உண்மையில் அனுப்பிய அளவுக்குத்தான் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது.

முதலில் முழு ஸ்டேட்மென்ட் வாங்குங்கள். பிறகு கிளைக்கு அம்மா பெயரிலேயே கடிதம் கொடுத்து, நகலில் சீல் போட்டு வாங்குங்கள். ஒவ்வொரு பிடித்தத்தையும் தேதியோடு எழுதி, அதன் மேல் போட்ட 18 சதவீத ஜி.எஸ்.டி.யையும் சேர்த்துக் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஓம்பட்ஸ்மனுக்குப் போகலாம், கட்டணம் கிடையாது. 2021-இல் வந்த ஒருங்கிணைந்த திட்டத்தில் புகார்கள் சண்டிகரில் உள்ள மையத்துக்குப் போகின்றன. அங்கே தபாலிலும் மின்னஞ்சலிலும் எந்த மொழியிலும் புகார் தரலாம், தமிழிலும்தான். சந்தேகத்துக்கு 14448. தாமதம் மட்டும் வேண்டாம். வக்கீல் மூலம் கொடுக்கும் புகாரை இத்திட்டம் ஏற்பதில்லை என்பதால் என்னிடம் வந்து பணத்தைச் செலவழிக்க வேண்டியதில்லை.

அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் வரை மனுக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வங்கிக் கிளை எங்கே இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். மறையூரில் இருந்துகொண்டு உடுமலையிலும், பாலக்காட்டுச் சித்தூரில் இருந்துகொண்டு பொள்ளாச்சியிலும் கணக்கு வைத்திருக்கிற நம் எல்லைக்காரர்களுக்கு இது பெரிய வசதி.

கணக்கைத் தொடர விரும்பினால், மினிமம் பேலன்ஸே இல்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றச் சொல்லுங்கள். எல்லா வங்கியும் அதைத் தந்தாக வேண்டும். கடிதம் போனதும் வங்கி 436-ஐ மட்டும் திருப்பி வரவு வைத்துவிட்டு, ‘என் புகார் முழுதும் தீர்ந்தது’ என்று ஒரு தாளை நீட்டக்கூடும். அம்மா அதில் கையெழுத்துப் போட வேண்டாம்.