சித்திரத்தால் சரித்திரம்

சரித்திரப் பாடத்தில் மனப்பாடம் செய்த ஆண்டுகளைப் பிள்ளைகள் பரீட்சையோடு மறப்பர். கையால் வரைந்ததை மறவார்.

தெலுக் ஆயர் தெருவில் இன்று மரபுடைமை நிலையமாக விளங்கும் நாகூர் தர்கா, 1828 முதல் 1830 வரை நம் சூலியா முன்னோர் எழுப்பியது. தொடக்கப்பள்ளிச் சிறாரை அதன் எதிரே அமர்த்தித் தாளும் பென்சிலும் கொடுப்போம். கீழே மேனாட்டுத் தூண்களும் மேலே மினாராக்களும் கூடி நிற்பதை அவர்கள் வரையும்போதே கண்டுகொள்வர். பிறகு, தர்காவின் முன்னே கடலையும் வரையச் சொல்வோம். "இங்கே கடல் ஏது?" என்பர். அன்று இத்தெருவே கடற்கரை. 1880களில் கடலைத் தூர்த்தனர் என விளக்குவோம். கப்பலில் வந்தோர் கரையேறிய இடத்தில் தர்கா எழுந்த காரணம் அப்போது தானே புலப்படும்.

மக்களுக்குக் கடையை விட்டுச் செல்லப் பாடுபடுகிறோம். அக்கடை வந்த வழியையும் அவர்கள் அறிய வேண்டாமா?