ஒளியால் நோயறிதல்: ஒரு பாடம்



பழவேற்காட்டுக் குப்பங்களில் நடக்கும் காசநோய்ப் பரிசோதனையை உங்கள் காணிக்கையால் தாங்குகிறீர்கள். "நானோ என்கிறார்களே, அதை வாங்கித் தரலாமா?" என்று சிலர் எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். அதைக் குறித்துச் சற்றுப் படிப்போம்.

காசநோய்க் கிருமியை இராபர்ட் கோக் 1882-இல் உலகுக்கு அறிவித்தார். கிருமிக்குச் சிவப்புச் சாயமேற்றித் தேடும் பழைய முறையில், ஒரு மில்லி சளியில் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் கண்ணில் படும். ஆரம்ப நோயாளி தப்பிவிடுவார்; வீட்டில் இருமிக்கொண்டிருப்பார். ஆராமின் என்னும் சாயமோ நீல ஒளியை வாங்கி, மஞ்சள் கலந்த பச்சையாகத் திருப்பித் தருகிறது. கறுத்த பின்னணியில் கிருமி மின்னுவதால் சீக்கிரம் அகப்படும். முன்பு பாதரச விளக்கும் இருட்டறையும் தேவைப்பட்டன. எல்.இ.டி. விளக்கு வந்தபின் அந்தச் செலவு குறைந்தது. 2011-இல் உலக சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரைத்தது.

இரவில் கடலலை நீலமாய் மின்னுவதை நம் மீனவர்கள் கண்டிருப்பார்கள். அது வேறு. அங்கே சிற்றுயிர்கள் தாமே ஒளியை உண்டாக்குகின்றன. சாயம் வாங்கிய ஒளியையே தருகிறது. (சபையைப் பற்றி நாங்கள் பிரசங்கிப்பதும் ஏறக்குறைய இதுவே.)

நானோ முறையில், மணலிலுள்ள சிலிக்காவைக் கொண்டு மில்லிமீட்டரில் பதினாயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள உருண்டைகளைச் செய்து, ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கான சாய மூலக்கூறுகளை அடைக்கிறார்கள். கிருமியைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்புரதத்தை மேலே ஒட்டுகிறார்கள். தனிச் சாயம் சீக்கிரம் மங்கும். இது பலமடங்கு ஒளிர்ந்து நீடிக்கும். ஆனால் காசநோய்க்கு இது இன்னும் ஆய்வுக்கூடத்தைத் தாண்டிப் பெரிதாக வரவில்லை. பொறுத்திருப்பதே நல்லது என்பது எங்கள் எண்ணம்.

இன்றைக்கு உதவுவது இந்தியாவில் உருவான 'ட்ரூநாட்' கருவி. கிருமியின் மரபுப்பொருளைப் பெருக்கி, அது பெருகுவதை ஒளிரும் சாயத்தால் காட்டுகிறது. பேட்டரியில் ஓடும். ரிஃபாம்பிசின் மருந்துக்கு அடங்காத கிருமியையும் தொடர் சோதனையில் சொல்லிவிடும். 2020-இல் இதற்கும் உலக சுகாதார நிறுவனத்தின் அங்கீகாரம் கிடைத்தது.

எக்கருவிக்கும் சளி வந்து சேரவேண்டுமே! ஏரியில் பாடு முறைப்படி வலையிடும் குடும்பங்களுக்குக் குறித்த நாளில், குறித்த இடத்தில்தான் முறை வரும். அன்று இருமலுக்காக யார் பொன்னேரிக்குப் பேருந்து ஏறுவார்? ஆகையால் இவ்வாண்டுக் காணிக்கையில் சளி டப்பாக்களுக்கும், விடியுமுன் அவற்றைக் குப்பங்களில் வாங்கிவரும் ஊழியரின் படகுக் கூலிக்கும் முதலிடம் கொடுத்திருக்கிறோம்.