சூளைப் பிள்ளைகளும் பி.எட். மாணவியும்

கேள்வி: பி.எட். படிக்கிறேன். மாலையில் செங்கல் சூளையில் ஒடியா பேசும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர அழைக்கிறார்கள். இந்தச் சேவை ஆசிரியர் வேலைக்கு உதவுமா?
– வாசகி, திருவள்ளூர்

பதில்: கட்டாயம் போங்கள், தங்கையே. ஆனால் அதைச் சேவை என்று நினைத்துப் போகாதீர்கள். அங்கே அதிகம் கற்கப்போவது நீங்கள்தான். முதல் வாரம் பாடப் புத்தகத்தைத் திறக்கவே வேண்டாம். எண்களையும் மரம் செடிகளையும் ஒடியாவில் எப்படிச் சொல்வார்கள் என்று அந்தப் பிள்ளைகளிடமே கேளுங்கள். தன் மொழியை ஆசிரியர் தப்பும் தவறுமாகப் பேசுவதைத் திருத்தும் குழந்தைக்கு, தமிழில் தான் தடுமாறுவது வெட்கமாக இருக்காது. கல்லூரியில் எத்தனை பாடத்திட்டம் எழுதினாலும் கூச்சம் போக்கும் இந்தக் கலை கைவராது.

இன்னொன்று, இதுதான் முக்கியம். மாலை வகுப்பு பள்ளிக்கு ஈடாகாது. அந்தப் பிள்ளைகளின் குடும்பங்கள் மழைக்காலம் முடிந்து சூளை வேலைக்கு வந்து, கோடை முடிவில் ஊர் திரும்புபவை. அதனால் பிள்ளைகளின் படிப்பு இரண்டு ஊரிலும் அறுந்துபோகிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, வயதுச் சான்று இல்லை, மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்று 6 முதல் 14 வயதுப் பிள்ளையைத் திருப்பி அனுப்ப முடியாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போனதற்குச் சிறப்புப் பயிற்சியும் தர வேண்டும். பெற்றோருக்கு இது தெரியாது. சூளையை விட்டு நகர நேரமும் இருக்காது. பக்கத்து அரசுப் பள்ளித் தலைமையாசிரியரைச் சேர்க்கைக்காக நீங்களே போய்ப் பாருங்கள்.